வெள்ளைக்காரப் பிள்ளை பிடித்த வடம்

நல்லூரில் ரியூசன் விட்டுச் சைக்கிள்கள் கலைகிற சந்தியில் ஒரு விளம்பரப் பலகை நிற்கிறது. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி தேர்வடத்தைப் பிடித்தபடி சிரிக்கிறாள். ‘எல்லோரையும் வரவேற்கும் எங்கள் பண்பாடு’ என்று கீழே எழுத்து. போன கிழமைதான் அதைக் கண்டேன். அந்தப் படம் எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன்.

படிப்பு முடிந்து வேலை தேடித் திரிந்த காலம். சுற்றுலா வான் வைத்திருந்த ஒரு முதலாளி என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கினார். என் ஆங்கிலம் அவருடையதைவிடக் கொஞ்சம் திறம், அவ்வளவுதான் தகுதி. அன்று வந்தவள் லேனா. டென்மார்க் மாணவி, ஒரே நாளில் எங்கள் கோயில்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. சாரதி சிவம் அண்ணை. எப்போதும் காற்சட்டை போடுகிற மனிதர், அன்று சலவை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்தார்.

“என்ன அண்ணை, மாப்பிள்ளை மாதிரி?” என்றேன். சிரித்தார்.

முதலில் ஒரு தீர்த்தக் கேணி. படியெல்லாம் சம்பூ பக்கற், யாரோ கழற்றி எறிந்த உள்ளாடை. லேனா கால் வைக்க இடம் தேடினாள். நான் கூசாமல் ‘புனிதநீர்’ என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புத்தூர்ப் பக்கம் ஓர் ஆழக் கிணறு. அவள் அதை எட்டி எட்டிப் பார்க்க, சிவம் அண்ணை என்னை வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். மகள் டெங்கு வந்து செத்துப் பிழைத்தவள். தன் ஊர்க் கோயிலில் தேர் இழுப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். அன்றைக்கு அங்கே தேர்.

“வடத்திலை ஒருக்காக் கை வைச்சாக் காணும் தம்பி. வெள்ளைக்காறப் பிள்ளையோடை போனா ஒருதரும் ஒண்டும் கேளாயினம்.”

சிவம் அண்ணையின் சாதியாரை அங்கே வடம் தொட விடுவதில்லை. அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், சண்டை வந்தது. கோயில்காரர் ஒரு முடிவு கண்டார்கள்: ஊரில் ஒருவருமே இழுக்க வேண்டாம், மண் அள்ளுகிற பெக்கோ இழுக்கட்டும். கக்கூசுக் குழி வெட்டின இயந்திரத்தால் தீட்டு வராதாம். மனிதன் கை பட்டால் வருமாம்.

நாங்கள் போனபோது தேர்வடம் பெக்கோவில் கட்டியிருந்தது, சாம்பிராணிக்குள் டீசல் நாறியது. லேனாவைக் கண்டதும் தர்மகர்த்தா பல்லெல்லாம் தெரிய ஓடி வந்தார். “வாங்கோ பிள்ளை, வடத்தைப் பிடியுங்கோ. தம்பி, படத்தை எடும்,” என்று திருவிழாப் படம் எடுக்கிறவனுக்கும் சொன்னார். ஊரில் ஒருவருக்கும் இல்லாத வடம் டென்மார்க்குக்குக் கிடைத்தது. படம் எடுத்து முடிய, அவள் சிவம் அண்ணையையும் வரும்படி கை காட்டினாள். அவர் சேட்டைக் கழற்றி, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்ட வந்தார்.

“நீர் எவடம்?” என்றார் தர்மகர்த்தா. சாதியை மரியாதையாக விசாரிக்கிற எங்கள் வழி இதுதான்.

“இவ்விடந்தான் ஐயா.”

“ஆற்றை பொடியன்?”

பொய் சொல்லியிருக்கலாம். சிவம் அண்ணை தகப்பனின் பெயரைச் சொன்னார். தர்மகர்த்தா கையை உயர்த்தினார். பெக்கோ நின்றது, தேரும் நின்றது. கொளுத்துகிற வெயிலில் சாமி நடுவீதியில் நின்றார்.

“உவர் விலகினாத்தான் தேர் ஓடும்.” தேத்தண்ணிக்குச் சீனி கேட்கிற குரலில்தான் சொன்னார். அத்தனை சனமும் நிலத்தைப் பார்த்தது. அந்த முகங்களை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத்தான் வருகிறது.

“நான் வானடிக்குப் போறன் தம்பி,” என்றார் சிவம் அண்ணை.

என்ன நடந்தது என்று லேனா கேட்டாள். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவள் வடத்தைக் கீழே போட்டாள். உள்ளங்கைகளைப் பாவாடையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தாள்.

இப்போது அந்த ஊரில் தர்மகர்த்தாவின் ஆட்கள் அநேகமாக இல்லை. கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். வீடுகளுக்குப் பூட்டு, வளவுகளில் பற்றை. திருவிழாவுக்குக் காசு வருகிறது, சனம் வருவதில்லை. சண்டை பிடிக்கக்கூட ஆள் மிச்சமில்லை. வெறும் வீதியில் பெக்கோ தேர் இழுப்பதைக் கைப்பேசியில் பார்க்க வெளிநாட்டுக்காரருக்கு வெட்கமாக இருக்கிறதாம். அதனால் இந்த வருடம் தர்மகர்த்தாவே சிவம் அண்ணைக்குப் போன் எடுத்திருக்கிறார்.

“உங்கடை ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாரும், வடம் பிடிக்கலாம்.”

“ஏன் ஐயா,” என்று கேட்டாராம் சிவம் அண்ணை, “பெக்கோ பழுதோ?”