தானாக எரிந்த மீட்டர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் மகதலேனா முதலில் சிரிப்பாள், பிறகு திட்டுவாள். மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவளுக்கு ரீவொர்க் மேசையில் வேலை. மற்றவர்கள் அரைகுறையாக சோல்டர் வைத்து, மெஷின் வேண்டாம் என்று தள்ளிவிட்ட சர்க்யூட் பலகைகளெல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். எது ஒழுங்காகப் பிடித்திருக்கிறது, எது சும்மா ஒட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். காரணமில்லாமல் எதுவும் எரியாது, காரணமில்லாமல் எதுவும் அணையாது என்பது அவள் கட்சி. அப்பேர்ப்பட்டவளைத்தான், கிள்ளானில் அவள் வீட்டு வாசலில் நின்ற ஒரு மின்சார சைக்கிள் ஒரு மாதமாக நடுங்க வைத்துக்கொண்டிருந்தது.

சைக்கிள் அவள் புருஷன் ரேமண்டுடையது. போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் சிக்னல்காரர் மகனாகப் பிறந்ததாலோ என்னவோ, ஒயரையும் விளக்கையும் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. மின்சார சைக்கிள் வாங்கிய நண்பர்களெல்லாம் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். மீட்டர் என்றால் கைப்பிடியில் இருக்கும் சின்னத் திரை. வேகமும் பேட்டரியும் அதில்தான் தெரியும். ரேமண்ட் அதன் முதுகைத் திறந்து, தலைமுடி மாதிரி இருக்கும் ஐந்து ஒயர்களில் ஒன்றைப் பிடித்து, ஒருவனுக்கு போன் சார்ஜர் இழுத்துக் கொடுப்பார், இன்னொருவனுக்குக் கூடுதல் விளக்கு மாட்டுவார்.

ஐடியாவுக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் சோல்டர் வைக்கச் சொன்னால் கோழி எச்சம் மாதிரி அப்பிவிட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி மானத்தைக் காப்பாற்றிக்கொள்வார். ஒயரை முதலில் சூடு பண்ணுங்கள், அப்புறம் ஈயத்தைக் காட்டுங்கள், அது தானாக ஓடும் என்று மகதலேனா தலைபாடாக அடித்துக்கொள்வாள். "வீட்டுல கியூசி செக்கிங் வேணாம் லா," என்று சிரித்துவிட்டு அவர் இன்னொரு சுற்று டேப் சுற்றுவார்.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. சண்டையும் சிரிப்பும் அவர்கள் இரண்டு பேருக்குள்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல ஊர் சைக்கிளுக்கெல்லாம் விளக்கு மாட்டியவர் வீட்டு வாசலில் பல்பு செத்துப்போய் மாதக்கணக்காகியிருந்தது. ஒருநாள் ஓவர்டைம் முடிந்து தொழிற்சாலை பஸ் மகதலேனாவை முனையில் இறக்கிவிட்டபோது நன்றாக இருட்டிவிட்டது. கேட்டைத் தடவிக்கொண்டே வந்தவள் வாசலில் ஓடும் லோங்காங்கில் காலை விட்டாள். சாக்கடைத் தண்ணீரோடும் பெயர்ந்த முட்டியோடும் உள்ளே போய், பேசக்கூடாததைப் பேசினாள்.

"ஊரான் பைக்குக்கெல்லாம் ஒயர் இழுக்கிறீங்க. பொண்டாட்டி இருட்டுல விழுந்து சாகட்டும்னு விட்டுட்டீங்க. உங்களால யாருக்குங்க என்ன பிரயோஜனம்?"

ரேமண்ட் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் வாசலில் சைக்கிளோடு உட்கார்ந்து என்னவோ நோண்டிக்கொண்டிருந்தார். இன்னும் யார் வீட்டுக்கு விளக்கேற்றப் போகிறாரோ என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு அவள் தாண்டித் தாண்டிப் போனாள். பிறகு ஒருநாள், எப்போதும் சைக்கிளிலேயே வேலைக்குப் போகிறவர், அதை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் போனார். அன்று மத்தியானம் கிடங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே போய்விட்டார்.

கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வாசலில் யாரும் தொடாமல் நின்ற சைக்கிளில் மீட்டர் எரிந்துகொண்டிருந்தது. முன்விளக்கும் எரிந்தது. யாரோ இப்போதுதான் வந்து இறங்கின மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அது அடிக்கடி எரிந்தது. சாயங்காலத்தில் எரியும். சில நாள் மழைக்கு முன்னால், பட்டப்பகல் மூன்று மணிக்கும் எரியும். டேப்புக்குள் ஈரம் இறங்கியிருக்கும், அவருடைய சோல்டர் லட்சணம் தெரியாதா என்று மகதலேனா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கிட்டப் போய் டேப்பைப் பிரிக்கக் கை வரவில்லை. அவள் மனதில் ஓடிய கணக்கே வேறு. கோபத்தோடு போன மனுஷன், நான் பிரயோஜனமில்லாதவனா என்று கேட்டுக்கொண்டு தினமும் வந்து நிற்கிறார். சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போனதும் அந்தக் கோபத்தில்தான். அவர் மனசு ஆறிப் போனாரா, ஆறாமல் போனாரா? இது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. சொல்ல வேண்டியவர் இல்லை. இருட்டியதும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவாள். விடிவதற்கு முன் வேலைக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் ஓட்டமாக ஓடுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான்; அரண்டவளுக்கு, எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று கவனிக்கிற புத்திகூட இல்லாமல் போய்விட்டது.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வாசலை அடைத்துத் துணிக்கூடாரம் போட்டார்கள். வெயில் கொளுத்துகிற நேரம். ரேமண்டின் அக்கா எவலின்தான் ஜெபமாலையைத் தொடங்கிவைத்தார். பிந்தி வந்தவர்கள் சைக்கிளுக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நிற்க, இரண்டாவது மணி உருட்டுவதற்குள் மீட்டர் பளிச்சென்று எரிந்தது. எவலின் கையிலிருந்து ஜெபமாலை விழுந்தது. பாதிப் பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள், மீதிப் பேர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார்கள். சாப்பாட்டுக்கு யாரும் அதிக நேரம் தங்கவில்லை.

பக்கத்து வீட்டு சந்திரகலா, மதம் பார்க்காமல், ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைக்கச் சொன்னாள். எவலின் அதைவிட வேகம். செத்தவர் ஆத்துமா அந்த வண்டியை விட்டுப் போகமாட்டேன் என்கிறது, அதை வீட்டை விட்டு அனுப்பினால்தான் அவருக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஸ்ரீ கெம்பாங்கானில் வாங்க ஆளும் பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமை லோரி வரும். மகதலேனா சரி என்றாள். அந்த வெளிச்சத்துக்கு முகம் கொடுக்க அவளிடம் தெம்பு இல்லை. பேட்டரியும் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. தானாக அணையப்போகிறது என்று நினைத்தால் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இன்னொரு பக்கம் அவரை மறுபடி இழப்பது மாதிரியும் இருந்தது.

ஆனால் ரீவொர்க் மேசைக்காரிக்கு ஒரு வியாதி உண்டு. கெட்ட பீஸைக் கெட்டது என்று தெரிந்தே வெளியே அனுப்ப அவளால் முடியாது. நாளைக்கு யார் வீட்டுப் பிள்ளையாவது ஓட்டும்போது ஷார்ட்டாகித் தீப்பிடித்தால் பாவம் யாரைச் சேரும்? சனிக்கிழமை காலை ரேமண்டின் சோல்டர் கட்டையை எடுத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் காலால் தள்ளிவிட்டு, சைக்கிளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மீட்டருக்குக் கீழே கறுப்பு டேப் உருண்டையாகச் சுற்றியிருந்தது. நினைத்தபடிதான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே பிரித்தாள். உள்ளே கோழி எச்சம் இல்லை. ஒயர்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஈயம் மெல்லிசாக, பளபளவென்று, அடிவரைக்கும் ஓடியிருந்தது. முதலில் ஒயரைச் சூடு பண்ணியிருக்கிறார். அவள் மேசைக்கு வந்திருந்தால் தொடாமலே பாஸ் போட்டிருப்பாள். பக்கத்தில் வெட்டிப்போட்ட பழைய ஒயர் துண்டுகள் இரண்டு டேப்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. சரியாக வரும்வரை வெட்டி வெட்டித் திரும்ப வைத்திருக்கிறார்.

ஈரமும் இல்லை, ஷார்ட்டும் இல்லை. அப்படியானால் எதனால் எரிகிறது? அந்த இணைப்பிலிருந்து மீட்டரின் ஐந்து ஒயர்களோடு சேராத ஆறாவது ஒன்று பிரிந்து, கைப்பிடியின் அடிப்பக்கமாக ஓடியது. அது எங்கே போகிறது என்று பார்க்கத் தலையைக் குனிந்தாள். மீட்டர் எரிந்தது.

பதறிப் பின்னால் சாய்ந்தாள். அணைந்தது.

மெதுவாக மறுபடி குனிந்தாள். மறுபடி எரிந்தது. ஆறாவது ஒயரின் நுனியில், தெருவைப் பார்த்தபடி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டம். அதன் முகத்தில் நெளிநெளியாக ஒரு கோடு. வெளிச்சம் குறைந்தால் விளக்கைப் போட்டுவிடும் கண். தெருவிளக்குகளில் இருப்பது. எத்தனையோ பலகைகளில் அவளே அதை வைத்திருக்கிறாள்.

மகதலேனா உள்ளங்கையால் அந்தக் கண்ணைப் பொத்தினாள். மீட்டர் எரிந்தது. கையை எடுத்தாள். அணைந்தது. பொத்தினாள். எரிந்தது.

பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது அதைவிடக் கனமாக இருந்தது. கோபித்துக்கொண்டு பஸ்ஸில் போகவில்லை அந்த மனுஷன். தான் வருமுன் பெண்டாட்டி இருட்டில் வந்து நிற்பாளே என்று வண்டியை வாசலில் விளக்காக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். முகம் கொடுத்துப் பேசாத வீட்டில் அதை வாயால் சொல்லவும் அவருக்கு வழியில்லை. பதில் சொல்லியாகிவிட்டது, ஒரு மாதமாக தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவள்தான் திரையை இழுத்து மூடினாள். மகதலேனா சைக்கிள் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று பார்க்காமல் அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் புது டேப் சுற்றினாள். சார்ஜர் ஒயரை வீட்டுக்குள்ளிருந்து இழுத்து வந்து செருகினாள். லோரி வந்து நின்றபோது பேட்டரியில் இரண்டு கட்டம் ஏறியிருந்தது. எவலின் இறங்கி வந்து, ஏன் இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறாய், ஏற்றிவிடலாமே என்றார்.

"இல்ல அண்ணி. இதை விக்கலை."

"உனக்கென்ன பைத்தியமா லேனா? பயமா இல்ல?"

"இது பைக் இல்ல அண்ணி. உங்க தம்பி எனக்குப் போட்ட வாசல் லைட்டு."

எவலினுக்குப் புரியவைக்க அவளுக்கு அன்று பொறுமை இல்லை. லோரிக்காரருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பிவைத்தாள்.

திங்கட்கிழமை பஸ் முனையில் இறக்கிவிட்டபோது இருட்டிவிட்டது. ஒரு மாதத்தில் முதல் முறையாக மகதலேனா தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள். மீட்டரின் சின்ன வெளிச்சம் தூரத்திலேயே தெரிந்தது. கிட்ட வந்த பிறகுதான் முன்விளக்கைக் கவனித்தாள். அது சாலையைப் பார்க்கவில்லை. ரேமண்ட் அதைக் கீழே திருப்பி, லோங்காங்கின் விளிம்பைப் பார்க்கவைத்து முடுக்கியிருந்தார். அவள் விழுந்த இடம் பகல் மாதிரி தெரிந்தது.

"வந்துட்டேங்க," என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தைத் தாண்டிக் காலை வைத்தாள்.