இப்படி ஒருவர் இங்கு இல்லை

மூன்று ஃபேஸ் கரண்டு வருகிறதா என்று டெஸ்டர்கூட இல்லாமல் புறங்கையால் தட்டிப் பார்க்கிற மனுஷன், ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்டால் வியர்த்துக் கொட்டுவார் என்றால் யார் நம்புவார்கள்? உத்திரமேரூர் பஜாரில் ஜவான் எலக்ட்ரிகல்ஸ் வைத்திருந்த சவரிமுத்து அப்படித்தான். ரேஷன் கார்டோ கேஸ் கனெக்‌ஷனோ, கோடு போட்டுக் காலியிடம் விட்ட ஃபாரம் எது வந்தாலும் மகன் பெஞ்சமின் பக்கம் தள்ளிவிடுவார். "நீயே எய்து. எனக்கு இதெல்லாம் பேஜாரு" என்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, தான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்ஷன் ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போடும் நாளில் அவருக்குக் காலை நாஷ்டா இறங்காது.

பெஞ்சமினுக்கு இது பெரிய வேடிக்கை. அப்பா செத்து முப்பதாம் நாள் வரைக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஊருக்குத் தெரிந்த சவரிமுத்து இவ்வளவுதான். திருப்புலிவனம் காலனிக்காரர். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தவர். அங்கே வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன். எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் இருந்தவர். பதினாறு வருஷம் கழித்துத் திரும்பி வந்து, பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை போட்டார். கையகல நிலம் இல்லாத குடும்பம். ஆனால் சாலவாக்கத்திலிருந்து பெருநகர் வரைக்கும் அவர் கை படாத மோட்டார் கிடையாது. எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். கடையில் எப்போதும் நாலு மாற்று மோட்டார் தயாராக இருக்கும். ஒன்றை வண்டியில் ஏற்றிவிட்டு, "மொதல்ல தண்ணிய பாய்ச்சு, அப்பால பேசிக்கலாம்" என்பார். ஒரு காலத்தில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசிய நிலக்காரர் கன்னியப்பன்கூடச் சாவுக்கு வந்து, தலைமாட்டில் நின்று அழுதார். "எம் பயிர ஒரு நாளு காய வுடலியே இந்தாளு!"

காயில் சுற்றும்போது சுற்றுகளைத் தமிழில் எண்ண மாட்டார். "தித், நித், தோங், லே..." என்று போகும். அது ஏதோ மிலிட்டரி பாஷை என்று பெஞ்சமின் நினைத்திருந்தான். பேத்தி ஏஞ்சல் அப்படி எண்ணித்தான் கண்ணாமூச்சி விளையாடினாள்.

அந்த ஏஞ்சல், முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த அட்டையை ஃபேஸ்புக்கில் போட்டாள். தாத்தாவின் போட்டோ, அதன் கீழே 'சவரிமுத்து, தகப்பனார் ஞானமுத்து, திருப்புலிவனம்'. இரண்டாம் நாள் ரங்கூனிலிருந்து யாரோ எழுதியிருந்தார்கள். எங்கள் பாட்டி அந்தோணியம்மாள் இவருடைய கூடப் பிறந்த அக்கா, உங்களோடு பேச வேண்டும் என்கிறார் என்று.

"ஏமாத்துற கும்பலு" என்றான் பெஞ்சமின்.

"இல்லடா, நெசந்தான்" என்றாள் அம்மா ராணியம்மாள்.

பிறகு அவள் சொன்னது இது. சவரிமுத்து பிறந்தது ரங்கூனில். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தது எட்டு வயது மூத்த அக்கா. அறுபத்து நாலில் பர்மாவை விட்டுக் குடும்பம் கப்பலேறியபோது, பர்மாக்காரரைக் கட்டிக்கொண்டிருந்த அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அன்றைக்கு ஃபாரத்தில் இரண்டு காலியிடம் இருந்தது. பிறந்த ஊர் எது? வெளிநாட்டில் சொந்தம் உண்டா? உண்மையை எழுதினால் எடுக்க மாட்டார்கள் என்று வரிசையில் நின்ற எவனோ கிளப்பிவிட்டான். இவர் திருப்புலிவனம் என்றும் இல்லை என்றும் எழுதிவிட்டார். பொய் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். வேலை முடிந்ததும் பென்ஷன் போய்விடும் என்று பயம். விஷயம் தெரிந்த ஊர்ப் பெரியவர்களிடம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். அவர்களும் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

பெஞ்சமினுக்கு அந்தக் கவர்கள் ஞாபகம் வந்தன. அவன் ஆறாவது படித்த வருஷம் வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டி மூன்று வந்தன. வார்னிஷ் அடித்த காயிலைக் காய வைக்கும் கரியடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிரிக்க மாட்டார். அப்புறம் இவனைக் கூப்பிட்டு, "கவரு மேல இப்படி ஒருவர் இங்கு இல்லைன்னு எய்து. நல்லா குண்டு குண்டா எய்து" என்பார்.

"உம் பேருதானப்பா போட்டுகீது?"

"வேற ஆளுடா."

ஸ்டாம்பையாவது கொடு என்று கேட்டதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. ஏன் தன்னை எழுதச் சொன்னார் என்பது இப்போதுதான் விளங்கியது. தம்பியின் கையெழுத்து அக்காவுக்குத் தெரியும். பெரியவனான பிறகாவது, அது யார் எழுதிய கடிதம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் ஒரே கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

"வூடு மாத்திக்கினு போய்ட்டோம், லெட்டரு கைக்கு வர்லன்னு சொல்லிடுடா. செத்தவரு பேர இன்னாத்துக்குக் கெடுக்கணும்?" என்றாள் ராணியம்மாள். பெஞ்சமின் சரி என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஏஞ்சல் வீடியோ காலைப் போட்டுக் கொடுத்தாள். போனில் அப்பாவின் நெற்றியோடு ஒரு கிழவி. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மடியிலிருந்து கவர்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "தித். நித். தோங்." அப்பா காயில் சுற்றும்போது எண்ணிய அதே எண்கள், பர்மா பாஷை.

"மூணும் திரும்பி வந்துடுச்சுப்பா. எய்த்து எவ்ளோ அயகா கீது பாரு. எந்தம்பி இல்லாத எடத்துல யாரோ ஒரு கொயந்த நல்லா படிச்சிக்கினு கீதே, அது நல்லா இருக்கட்டும்னு மாதாவ வேண்டிக்கினேன்."

சொல்வதாக ஒத்துக்கொண்ட பொய்யைப் பெஞ்சமின் சொல்லவில்லை.

"அத எய்துனது நான்தான் அத்தே."

"நீயா? அப்போ அவன் எங்க இருந்தான்?"

"பக்கத்துலதான்."

ராணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெஞ்சமின், அப்பா ஃபாரத்தில் எழுதிய பொய்யையும், பென்ஷன் பயத்தையும், கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

"நா எய்துன லெட்டர நானே எதுக்குப் பிரிக்கணும்னு அப்படியே வெச்சிருந்தேன்" என்று சொல்லி, கிழவி முதல் கவரின் ஓரத்தைக் கிழித்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தாள்.

"அன்புள்ள தம்பிக்கு, நீ பட்டாளத்தில் இருந்ததாக நம் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அக்காவைப் பற்றி அங்கே சொல்லியிருக்க மாட்டாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் சுகமாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் போதும். பதில் எழுத வேண்டாம். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு."

பெஞ்சமின் போனை ஏஞ்சலிடம் கொடுத்துவிட்டுக் கடைப் பக்கம் எழுந்து போனான். அந்தக் கவர்கள் வந்த மூன்று நாளும் கரியடுப்பு அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது.