இஷ்பெல் புரட்டிய மரம்

ஆட்டத் திடலின் வாயிலில் மீன் வண்டி வந்து நின்றபோது மழை விட்டிருந்தது. மலைமுகட்டில் மட்டும் மேகம், போகவும் மனமின்றி இருக்கவும் மனமின்றிப் படிந்து கிடந்தது. இஷ்பெல் இறங்கிச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தாள். உள்ளே அமர்ந்திருந்த அவள் கணவன் லாக்லன் தரையை நோக்கினான்.

வண்டியின் படி உயரமானது. அறுபத்தோராம் வயதிலும் இஷ்பெலுக்கு அதில் ஏறுவதும் இறங்குவதும் ஒரு பொருட்டாக இல்லை. லாக்லனுக்கும் அப்படித்தான் இருந்தது, சென்ற குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து அவனுடைய வலக்கையையும் வலக்காலையும் பாதியாக்கிப் போகும்வரை.

"எந்தக் காலை முதல்ல வைக்கட்டும்?" என்றான்.

"எது உன் பேச்சைக் கேக்குதோ அதை வை."

"இந்த வீட்டுல என் பேச்சை எது கேட்டிருக்கு?"

அதற்குள் ஃபின்லே வந்துவிட்டான். ஊர் விழாவில் மரமும் கல்லும் எறியும் கனவிளையாட்டுகளின் நடுவன் அவன். இளமையில் லாக்லனோடு எறிந்தவன், பெரும்பாலும் லாக்லனிடம் தோற்றவன். கில்ட் என்னும் கட்டம்போட்ட பாவாடையின் மடிப்புகளை ஒதுக்கிக்கொண்டு, நண்பனின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, சக்கர நாற்காலியில் இறக்கினான்.

"மூட்டை இறங்கிடுச்சு தாயே. கையெழுத்துப் போடு."

லாக்லன் சிரிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அவன் பழகிக்கொண்டான். இடக்கையால் கஞ்சி குடிக்கவும், இடக்கையால் முகம் மழிக்கவும் கற்றுக்கொண்டான். வண்டியில் ஏற்றி இறக்கப்படுவது மட்டும் அவனுக்குப் பழகவே இல்லை. அதனாலேயே கோடை முழுதும் அவன் வெளியே வருவது குறைந்து போயிற்று. இஷ்பெல் அதை அறிந்தும் அறியாதவள்போல் இருந்தாள்.

திடலின் நடுவே, ஈரப் புல்லின்மேல், அவன் வெட்டிய மரம் கிடந்தது.

அந்த ஆட்டத்துக்குரிய மரத்தைக் கேபர் என்பார்கள். கிளை சீவி வழவழப்பாக்கிய நெடுமரம். மெல்லிய நுனியை உள்ளங்கைகளில் ஏந்தி, கனத்த அடி தலைக்குமேல் வானத்தில் அசைய, சில அடி ஓடி, ஓட்டத்தின் முடிவில் மேல்நோக்கி வீச வேண்டும். கனத்த அடி மண்ணில் குத்தி ஊன்ற, நுனி எழுந்து மறுபுறம் சாய்ந்து விழ வேண்டும். எவ்வளவு தொலைவு போயிற்று என்று கேட்பாரில்லை. எவ்வளவு நேராக விழுந்தது என்பதே கணக்கு. எறிந்தவருக்கு நேர் எதிரே நுனி கிடந்தால் பன்னிரண்டு மணி என்பான் நடுவன். சற்று இடப்பக்கம் சாய்ந்தால் பதினொன்று, பத்தரை. பன்னிரண்டு மணிக்காக ஆண்டு முழுதும் ஏங்குவோர் அந்தப் பள்ளத்தாக்கில் பலர்.

இஷ்பெல் ஏங்கியவள் அல்லள். லாக்லன் எறிந்த காலமெல்லாம் அவள் தேநீர்க் கூடாரத்தில் நின்று கெண்டி கெண்டியாய் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாரநாட்களில் கடலோரச் சந்தையிலிருந்து ஹாடக் மீனைப் பனிக்கட்டிப் பெட்டிகளில் ஏற்றி வந்து வீடுவீடாக விற்றாள். பெட்டி தூக்கித் தூக்கியே தோள் திரண்டதை அவளும் கவனிக்கவில்லை, பிறரும் கவனிக்கவில்லை. நாற்பது கடந்த பெண்களுக்கென்று ஊரில் முதன்முறையாகப் போட்டி வைத்த ஆண்டில், வந்திருக்க வேண்டிய ஒருத்தி வரவில்லை. ஃபின்லே கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்து, "யாராவது ஒருத்தி வாங்களேன், சும்மா எண்ணிக்கைக்கு" என்று கெஞ்சினான். மேலங்கியைக்கூட அவிழ்க்காமல் சென்ற இஷ்பெல், கல்லை எறிந்த எறியில், வேலிக்கு வெளியே நின்றவர்கள் கையிலிருந்த பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். அன்று லாக்லனின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. தான் வென்ற நாட்களில் ஒருபோதும் வராத ஒளி அது.

சென்ற இலையுதிர் காலத்தில் அவன் அவளுக்கென்றே லார்ச் மரம் ஒன்றைத் தேர்ந்தான். தோப்பில் நாள் முழுதும் அலைந்து, மரத்துக்கு மரம் கை வைத்துத் தடவி, வளைவில்லாத ஒன்றைக் கண்டு வெட்டி, வெடிக்காமல் இருப்பதற்காக ஊர் வழக்கப்படி ஆற்று மடுவில் கிடத்தினான். வசந்தத்தில் அதை எடுத்துக் காயவைக்க வேண்டும். அதற்குள் அவன் விழுந்துவிட்டான்.

வசந்தம் வந்தது. "மரத்தை எடுத்துடலாமா?" என்று ஃபின்லே கேட்டான்.

"அவர் போட்டது. அவரே வந்து எடுப்பார்" என்றாள் இஷ்பெல்.

ஏப்ரலில் சொன்னதையே மே மாதத்திலும் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து அவன் நாற்காலியில் வந்த பிறகும் சொன்னாள். ஜூலை இறுதியில்தான், அவளிடம் கேளாமலே, நான்குபேர் சேர்ந்து அதைக் கரையேற்றினார்கள். ஆறு தன்னால் இயன்றதையெல்லாம் அதற்குள் புகட்டியிருந்தது.

அந்த ஈரம் இன்று ஒவ்வொருவர் தோளிலும் ஏறி அமர்ந்தது.

பெண்கள் நால்வர். அயலூரிலிருந்து வந்த இருவருக்கு மரம் நெஞ்சுக்குமேல் எழவே இல்லை. மூன்றாமவள் கர்ஸ்டி, ஊர்க் கால்நடை மருத்துவர். கன்று ஈனும் பசுவோடு மல்லுக்கட்டிப் பழகிய கைகள். அவள் ஏந்தி ஓடி வீசினாள். மரம் ஊன்றியது, பாதி எழுந்தது, சலித்துப்போய் அவள் பக்கமே திரும்பி விழுந்தது.

"இது மரமில்ல இஷ்பெல், திமிங்கலம்" என்றாள் மூச்சிரைத்தபடி. "நீங்க மீன் வண்டிக்காரங்க, உங்களுக்குத்தான் சரிப்படும்."

இஷ்பெல் பிடி வழுக்காதிருக்க உள்ளங்கைகளில் பிசின்மாவைப் பூசிக்கொண்டாள். வெல்வது அவள் எண்ணத்தில் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே: ரம்பம் வரக்கூடாது. யாராலும் புரட்ட முடியாத மரத்தை அடியில் ஒரு துண்டு அறுத்துக் குறைத்து, மறுபடி எறியச் சொல்வது அங்கே தொன்றுதொட்ட முறை. ஒருவர் புரட்டிவிட்டாலோ, அதன்பின் அந்த மரத்தின்மேல் ரம்பம் படாது; ஆண்டாண்டுக்கும் அந்த நீளம் அதற்கு உரியது. லாக்லன் முழுமையாய் நின்ற காலத்தில் வெட்டிய மரம், முழுமையாய் இருக்கட்டும் என்பது அவள் வேண்டுதல். அவன் கண்முன் அதை யாரும் குறைக்கக் கூடாது.

ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஒருவர் வேதாகமச் சங்கீதத்தின் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, சபை அதை வாங்கி அலைபோல் நீட்டும். அந்த மெட்டைத்தான் அவள் ஓட்டத்துக்கு வைத்திருந்தாள். உதடு அசையாமல் உள்ளுக்குள் பாடி, குனிந்து, கைகளை நுனிக்கடியில் கோத்து எழுந்தாள். உச்சியில் மரம் ஆடியது. ஓடினாள். வீசினாள். அடி மண்ணைக் குத்தியது. நுனி எழுந்தது, எழுந்தது, நிமிரும் தறுவாயில் நின்றது. மரம் யோசித்துப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிற்று.

இரண்டாம் முறை அதுகூட எழவில்லை. மூன்றாம் முறையில் இடுப்பில் ஏதோ சுரீரென்றது, முழந்தாளிட்டு விழுந்தாள்.

ஃபின்லே வேலிப்பக்கம் கைகாட்டினான். இருவர் இழுக்கும் நீண்ட ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். இஷ்பெல் எழுந்து சென்று மரத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் நின்றாள்.

"இன்னொரு தடவை குடு ஃபின்லே."

"மூணு ஆயிடுச்சு தாயே."

"அப்ப சாயந்தரம் வரைக்கும் விடு. வெயில் வரும், கொஞ்சம் காயும்."

"வெயிலா? இந்த ஊர்லயா?" ஃபின்லே மேலே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "என்னைச் சங்கடப்படுத்தாதே இஷ்பெல். முறைன்னா எல்லாருக்கும் முறைதான். நீயும் அதை மதிக்கிறவதான்."

"தெரியும். ஆனா நகரமாட்டேன்."

அப்போது வேலியோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் அவ்வளவு உரக்க எழுந்து யாரும் கேட்டதில்லை.

"டேய் ஃபின்லே! ரம்பத்தை இங்க கொண்டாடா!"

இஷ்பெல் திரும்பி, நொண்டியபடி அவனிடம் போனாள்.

"உனக்குப் பைத்தியமா? நீ வெட்டின கடைசி மரம்யா அது."

"கடைசின்னு யாரு சொன்னா?"

லாக்லன் அவள் கையைப் பிடித்துத் திருப்பி, பிசினும் மண்ணும் அப்பிய உள்ளங்கையைப் பார்த்தான்.

"நீ புரட்டுறதைப் பாக்கத்தான் வெட்டினேன். நீ அதுக்குக் காவல் நிக்கறதைப் பாக்கறதுக்கில்ல."

"தண்ணிலயே விட்டது நான்தான். எடுக்கவிடல."

"தெரியும். ஃபின்லே அப்பவே சொல்லிட்டான். எங்கப்பன் மாதிரி குடிச்சிருக்கு அது." வாயின் ஒருபுறம் மட்டும் சிரித்தது. "போகட்டும் விடு."

"அறுத்தா உனக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இருக்கும். அதுக்காக நீ இடுப்பை ஒடிச்சுக்கிட்டா எனக்குக் கஞ்சி யாரு வெப்பா? ஃபின்லேவா? அவன் உப்புப் போடமாட்டான்." சற்று நிறுத்தினான். "ஒரு பிடியை என் கைல குடு. இன்னொண்ணு நீ பிடி."

கர்ஸ்டி நாற்காலியைச் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்தாள். மரத்தின் கனத்த அடியை இரு கட்டைகளின்மேல் உயர்த்தி வைத்தார்கள். லாக்லன் இடக்கையால் ஒரு பிடியைப் பற்றினான். எதிர்ப்புறம் இஷ்பெல் நின்று மற்றதைப் பற்றினாள். ரம்பம் இரண்டு இழுப்பு ஓடி, வளைந்து, சிக்கிக்கொண்டது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடி சிக்கியது.

"தள்ளாதே" என்றான்.

"நான் எங்கே தள்ளுறேன்?"

"தள்ளுறே. நான் இழுக்கறப்போ அந்தப் பக்கத்துலேருந்து தள்ளிவிடறே. இது இழுக்கற ரம்பம்டி. உன் பங்கை நீ இழு. அப்புறம் விட்டுடு. என் பங்கை நான் இழுத்துக்கறேன்."

"உன்னால..."

"மெதுவா இழுப்பேன். இழுப்பேன்."

அவள் இழுத்தாள், பின் கையைத் தளர்த்தினாள். தளர்த்துவது அவளுக்கு எறிவதினும் கடினமாக இருந்தது. எதிர்ப்புறம் ஒன்றும் நிகழவில்லை. அவள் விரல்கள் துடித்தன, துடித்தும் தள்ளவில்லை. பின்னர், மிகமெல்ல, ரம்பம் அவள் கையிலிருந்து நழுவி அவன் பக்கம் போயிற்று. லார்ச்சின் சிவந்த தூள் ஈரமாய்ப் புல்லில் உதிர்ந்தது. அவள் இழுத்தாள், விட்டாள். அவன் இழுத்தான். திடலோரத்தில் பைப் வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் துருத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். துண்டு அறுந்து விழுந்தபோது லாக்லனின் நெற்றியில் வேர்வை இருந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை. பிறரையும் துடைக்க விடவில்லை.

மீண்டும் முறை தொடங்கிற்று. அயலூர்ப் பெண்கள் முயன்று விலகினார்கள். கர்ஸ்டியின் மரம் நிமிர்ந்து நின்று, மனம் மாறித் திரும்பிற்று. அடுத்து இஷ்பெல்.

இடுப்பு வலித்தது. மெட்டை எடுத்தாள். இம்முறை யாரையும் எதனின்றும் காக்க வேண்டியிருக்கவில்லை. கையில் இருந்தது ஒரு மரம், அவ்வளவே. ஓடினாள். காலை ஊன்றி, முதுகை நிமிர்த்தி, பாரத்தை வானத்துக்கே திருப்பிக் கொடுப்பவள்போல் வீசினாள். அடி குத்தியது. நுனி எழுந்தது. நிமிர்ந்தது. அங்கே ஒரு கணம் நின்று, பிறகு தாழ்ந்து வணங்குவதுபோல் மறுபுறம் சாய்ந்தது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. ஃபின்லே கையை உயர்த்தினான்.

"பதினொண்ணு!"

"பத்தரைடா!" என்று நாற்காலியிலிருந்து கத்தினான் லாக்லன். "கண்ணு அவிஞ்சுபோச்சா உனக்கு? பத்தரை!"

"அது உன் பொண்டாட்டிடா!"

"அதனாலதான் சொல்றேன்! சரியாச் சொல்லு!"

இஷ்பெல் புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பின் நடுவே கண்ணில் நீர் வந்தது. அதுவும் சிரிப்பினாலேயே என்று இருக்கட்டும் என விட்டுவிட்டாள். தனக்கு எஞ்சிய இரு முறைகளையும் இடுப்பின் பொருட்டு அவள் எடுக்கவில்லை. கர்ஸ்டி தன் கடைசி எறியில் பன்னிரண்டு மணியைக் கண்டு பரிசைத் தட்டிக்கொண்டாள்.

"வருத்தமா?" என்று கேட்டாள் அவள், கோப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

"முதல்ல புரட்டினது யாரு கண்ணு?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன?"

கிடந்த மரத்தை இஷ்பெல் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இனி அதன்மேல் ரம்பம் படாது.

மாலையில் திடல் ஒழிந்தது. லாக்லன் அறுத்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு வண்டிவரை வந்தான். முழங்காலுக்குச் சற்றுத் தாழ்ந்த உயரம், அகன்ற வட்டம். வெட்டுமுகத்தில் இன்னும் ஆற்றின் ஈரம் கசிந்தது. தொலைவில் ஃபின்லே கூடாரக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனை அழைக்க வாயெடுத்த இஷ்பெல், அழைக்கவில்லை.

"அதை இப்படிக் குடு."

வாங்கி, கதவின் கீழே புல்லில் வைத்தாள். காலால் மிதித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பிறகு இரண்டடி விலகி நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

லாக்லன் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இடக்கையால் கதவைப் பற்றி எழுந்து, இடக்காலைத் துண்டின்மேல் வைத்தான். வலக்கால் தயங்கித் தொடர்ந்தது. அங்கிருந்து வண்டியின் படி. அங்கிருந்து இருக்கை. வெகுநேரம் ஆயிற்று. மலைமுகட்டு மேகம் கீழே இறங்கி, தூறலாய்த் தொடங்கி, அவள் தலையை நனைத்தது.

"கட்டையை எடுத்து உள்ள போடு" என்றான் இருக்கையில் சாய்ந்து, மூச்சு வாங்கியபடி. "வீட்டுல இறங்கணும்ல?"

அவள் அதைத் தூக்கி அவன் காலடியில் வைத்தாள்.

"நாளைக்கு வண்டி எந்தப் பக்கம் போகுது?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"சரி, திங்கக்கிழமை."

"ஆத்துக்கு மேலண்டைப் பக்கம்."

"நானும் வர்றேன்" என்றான் லாக்லன். "நீ எப்பவும் எடையில கூடப் போட்டுக் குடுக்கறே."