நான் வெட்டிய மாத்திரை அட்டை

என் மனைவியின் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்ததற்குக் காரணம் நான்தான். சொந்தக்காரர்கள் எல்லாரும் மீன் முள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்கும்படி சொன்னவனும் நான்தான்.

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். தாள் ஒரு மில்லி பிசகினால் லோடு திரும்பி வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. மனைவிக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்ணில் புரை. காலையில் நாலு மாத்திரை. எதைப் போட்டாள், எதை விட்டாள் என்று தினமும் ஒரு வழக்கு. சலித்துப்போய் நானே ஒரு ஏற்பாடு செய்தேன். தினசரிக் காலண்டரில் ஒரு வாரத்துத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் சின்னக் காகிதப் பை ஒட்டி, அன்றைய மாத்திரைகளை அதற்குள் போட்டு வைத்தேன். மூன்று மாத்திரை டப்பாவில் உதிரியாக வருபவை. நாலாவது அட்டையில் வருவது. பிதுக்கி வைத்தால் ஈரம் ஏறிவிடும் என்று அட்டையைச் சதுரம் சதுரமாக வெட்டி, உறையோடு போட்டேன். எல்லாம் ஒரே அளவு, நாலு மூலையும் கூர்மை.

சாத்தூரில் இருக்கும் மகள் வந்தபோது பார்த்துவிட்டாள். "அப்பா, அட்டைய வெட்டாதீக. அம்மாவுக்குக் கண்ணு தெரியல. உறையோட வாயில போட்டுருவாக" என்றாள். சரி, விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் பஸ் ஏறியதும் மறுபடி கத்தரியை எடுத்தேன்.

அன்று காரியாபட்டியில் ஒரு கல்யாணம். வாசலில் ஆட்டோ நின்றது. "இன்னும் எம்புட்டு நேரம்?" என்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேன். அவள் நடந்துகொண்டே பையை உள்ளங்கையில் கவிழ்த்து, எல்லாவற்றையும் ஒரே வாயாகப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். ஆட்டோ கிளம்பியதும், "ஏங்க, நெஞ்சுக்கு மேல என்னமோ குத்துது" என்றாள்.

"நேத்து மீன் சாப்பிட்டேல்ல. முள்ளா இருக்கும்."

"நேத்துத் தின்ன முள்ளு இன்னைக்கு ஆட்டோவுக்குக் காத்திருந்தா குத்தும்?"

"எல்லாத்துக்கும் ஒரு கேள்வி. பேசாம வா."

கல்யாண வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார்கள். வாழைப்பழத்தை மெல்லாமல் முழுங்கச் சொன்னார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் கொடுத்தேன். ஒவ்வொரு உருண்டையும் அந்தச் சதுரத்தை இன்னும் ஆழமாக அழுத்தியிருக்கிறது. அப்போது எனக்கு அது தெரியாது.

மறுநாள் காலை தெரிந்தது. எச்சில் விழுங்கவே முகம் சுளித்தாள். குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்துத் தேடினேன். முந்தின நாள் தாள் கிடந்தது, பை கிடந்தது. உறையைக் காணோம்.

மகள் வந்துவிட்டாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வேற எதுவும் முழுங்கிட்டாங்களா?" மகள் என் அருகே நின்றாள். "மீன் முள்தான் சார்" என்றேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதிரி உறை பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாதாம், பிறகு சொன்னார்கள். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தானாகக் கீழே போய்விடும் என்று நினைத்தேன். பட்டப்படிப்பு படித்த மனிதன் அப்படி நினைத்தேன்.

மூன்றாம் நாள் கடும் காய்ச்சல், கழுத்து வீங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னேன். குழாய் விட்டு உறையை எடுத்தார்கள். அது கிழித்த இடம் வழியாக நெஞ்சுக்குள் சீழ் பிடித்திருந்தது. "முத நாளே சொல்லியிருந்தா, எடுத்துட்டு சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மூன்று வாரம் மூக்கில் குழாய். ஓட்டை மூடினால்தான் வாயால் சாப்பிடலாம், மூடாவிட்டால் அறுவை சிகிச்சை, அவள் உடம்பு அதைத் தாங்குமா என்று தெரியாது என்றார்கள். இந்த லட்சணத்தில் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தார்கள். எடுத்தது வெட்டிய உறை என்று மகளுக்குத் தெரிந்துவிட்டது; அவளோ அம்மாவைத்தான் திட்டினாள். "அப்பாவே வெட்டுறத விட்டுட்டாக. உங்கள யாரும்மா வெட்டச் சொன்னது?" மனைவி குழாயோடு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இப்படி ஒரு நாள் இல்லை, பல நாள்.

கடைசியில் ஒரு மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். கசிவு இல்லை. முதல் மடக்குத் தண்ணீர் கொடுத்தபோது மகள் மறுபடி ஆரம்பித்தாள்: "இனியாவது பாத்து முழுங்குங்கம்மா."

"வெட்டினது நான்" என்றேன். "விடவே இல்லை. மறுநாளே உறையைக் காணோம்னு தெரியும். மறைச்சிட்டேன்."

மகள் வெளியே போனாள். மனைவி தண்ணீரை மெதுவாக விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பேசுனா வலிக்கும்னு நான் வாயத் தொறக்கல. உங்களுக்கு எங்கன வலிச்சுச்சு?"

மனைவி இப்போது வீட்டில் இருக்கிறாள். புண் ஆறிய இடம் சுருங்கிவிட்டது. குழைந்த சோறு, அதுவும் ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம். நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். மகள் போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாள். சீக்கிரம் சாப்பிட்டு முடி என்று தினமும் எனக்கு நாக்கு நுனி வரை வருகிறது.