மலின்கா எழுதிய இரண்டாவது தாள்

தையல் ஆலையை மூடிய வருடம் மலின்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. கணவன் போய்ச் சேர்ந்து நாளாகியிருந்தது. ஸ்பெயினில் தக்காளி பறிக்கப் போன மகன் கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்வான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆறு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்க, மூச்சு எண்ண, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைத் தோல் உரியாமல் புரட்டிப்போட, உடம்பு துடைக்க, மூத்திரப் பை மாற்றக் கற்றுக்கொண்டாள். அதை முடித்துவிட்டு டோல்னி பிரியாக் என்கிற எங்கள் சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், எங்கள் வார்டுக்கு உதவியாளராக வந்தாள். நான் அங்கே நர்ஸ்.

இருபத்தாறு கட்டில்கள். பகலில் ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர். இளசுகள் எல்லோரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். நான் மூச்சைக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குவேன். மலின்கா கடிகாரத்தைப் பார்த்தபடி முழு நிமிடமும் எண்ணுவாள்.

"இப்படி எண்ணினா சாயங்காலம் வரைக்கும் எண்ணிட்டேதான் இருப்ப" என்பேன்.

"மிச்ச முக்கால் நிமிஷம் அந்த மனுஷன் என்ன பண்றான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் ரோஸாக்கா?" என்பாள்.

ஒன்பது வருடம் அப்படியே எண்ணினாள். ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கும் குறிப்புத் தாளில் அவள் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும்.

போன பிப்ரவரியில், ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் டிரைவர் அசெனை நிமோனியா என்று சேர்த்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. தையல் ஆலைக்குப் பெண்களை ஏற்றிப்போன பஸ்ஸைப் பல வருடம் ஓட்டியவர் அவர்தான்.

"உனக்காக எத்தனை நாள் ஸ்டாப்ல நின்னிருக்கேன். இப்ப ஊசியை மெதுவாப் போடச் சொல்லு" என்றார் மலின்காவிடம்.

"ஊசி ரோஸாக்கா வேலை. எனக்கு உங்க மூத்திரப் பைதான்."

"அதையாவது மரியாதையாத் தூக்கிட்டுப் போ" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகிக் கவிழ்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மலின்கா எண்ணியபோது மூச்சு நிமிடத்துக்கு முப்பத்துநாலு; இருபதுக்குள் இருக்க வேண்டியது. விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாத ஆக்சிஜனை எண்பத்துநாலு என்று காட்டியது. தாளில் எழுதிவிட்டு டாக்டர் பெஷெவுக்கு போன் செய்தாள். அன்று ஆஸ்பத்திரி முழுக்க அவர் ஒருவர்தான். அறுபத்தேழு வயது. கீழே அவசரப் பிரிவில், டிராக்டரும் வேனும் மோதிய விபத்தில் வந்தவர்களைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"நீ எப்ப டாக்டரான? அந்த மெஷின் ரெண்டு நாளாத் தப்பாத்தான் காட்டுது. ரோஸாகிட்ட சொல்லு" என்று வைத்துவிட்டார்.

நான் வந்து பார்த்தேன். ஆக்சிஜனைக் கூட்டினேன். நானும் போன் செய்தேன். வருகிறேன் என்றார். அதற்குள் எட்டாம் கட்டில் கிழவி வலிப்பு வந்து விழுந்தாள்; நான் அங்கே ஓடினேன். மூன்று மணிக்கு மலின்கா எழுதினாள்: முப்பத்தெட்டு. மூன்றரைக்கு நாற்பத்திரண்டு. ஒவ்வொரு முறையும் போன். அசென் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் வராரா?" என்று கேட்டார்.

"படி ஏறிட்டிருக்கார்" என்றாள்.

இதையே மூன்று முறை சொன்னாளாம். டாக்டர் படி ஏறியது நாலே முக்காலுக்கு. ஐந்து அடித்துப் பத்து நிமிடத்தில் அசென் முடிந்துபோனார்.

அசெனின் தம்பி மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். விசாரணைக் குழு வருகிறது என்று தெரிந்த அன்று காலை, துணி அறையில் நானும் மலின்காவும் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் பெஷெவ் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கையில் அந்தத் தாள் இருந்தது.

"மலின்கா, நீ எழுதினது சரி. நான் வந்திருக்கணும். ரெண்டு பேர் வயித்தைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேன், வர முடியல. அதைக் கேட்க அவங்களுக்கு நேரமிருக்காது. என்னைத் தூக்கிடுவாங்க. தூக்கட்டும், வீட்ல திராட்சைத் தோட்டம் இருக்கு. ஆனா எனக்குப் பதிலா வர ஆள் இல்ல. அடுத்த நாளே வார்டைப் பூட்டிடுவாங்க. இந்த இருபத்தாறு பேரையும் எழுபது கிலோமீட்டர் தாண்டி யார் கொண்டுபோறது?"

மலின்கா கையிலிருந்த போர்வையை மடித்து அடுக்கில் வைத்தாள். பிறகு, "நான் எண்ணினேனே டாக்டர்" என்றாள்.

"தெரியும்."

நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "எண்ணைக் குறைச்சு வேற தாள் எழுதிக் குடுத்துடு மலின்கா. செத்தவர் திரும்பி வரமாட்டார்" என்றேன்.

புதுத் தாளில் எழுதினாள். மூச்சு இருபத்திரண்டு, இருபத்துநாலு, இருபத்துநாலு. அதே அச்சடித்த எழுத்து. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். பழைய தாளை டாக்டர் நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். குழு வந்தது, படித்தது, காப்பி குடித்தது. எதிர்பாராத மாரடைப்பு, யாரும் தடுத்திருக்க முடியாது என்று எழுதிவிட்டுப் போனது.

அசென் இறந்த நாற்பதாம் நாள் அவர் மனைவி ஸ்தோயான்கா வார்டுக்கு வந்தாள். செத்தவர் நினைவாகக் கொடுக்கும், சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமையைக் கிண்ணங்களில் எல்லோருக்கும் கொடுத்தாள். மலின்காவைக் கட்டிக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீதான் பக்கத்துல இருந்தியாமே. ரொம்ப அவஸ்தைப்பட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. தூங்கற மாதிரிதான் போனார்."

அந்தக் கோதுமையை மலின்கா சாப்பிடவில்லை. கொட்டவும் இல்லை. சாயங்காலம் வரை கையில் வைத்துக்கொண்டே திரிந்தாள்.

ஜூனில் வார்டை மூடிவிட்டார்கள். காரணம் அசென் அல்ல, டாக்டரும் அல்ல. இன்னும் இரண்டு நர்ஸுகள் வெளிநாடு போக, ஆள் போதவில்லை என்று ஒரு காகிதம் வந்தது, அவ்வளவுதான். கட்டில்களை லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மலின்கா என்னிடம் கேட்டாள், "வார்டு இருக்கணும்னுதானே எழுதினேன். இப்ப அது எதுக்காக எழுதினதுன்னு சொல்லுங்க ரோஸாக்கா."

நான் லாரியில் ஏறிய கட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. தினம் பஸ்ஸில் போய் வந்தாள். அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் மூச்சை மூன்று முறை எண்ணுவாளாம். எண்ணிய பிறகும் எழுத மாட்டாள்; பேனாவைத் தாள்மேல் வைத்தபடி நிற்பாள். "இந்தப் பொம்பளைக்கு எண்ணத் தெரியுமா தெரியாதா?" என்று தலைமை நர்ஸ் எல்லோர் முன்னாலும் கேட்டாள். துணி துவைக்கும் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

செப்டம்பரில் ஒருநாள் அவள் நேராக ஸ்தோயான்காவின் வீட்டுக்குப் போனாள். ஸ்தோயான்கா முற்றத்தில் குளிர்காலச் சேமிப்புக்குக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். மலின்கா உட்காராமல் எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சின் எண்ணிக்கை, போன் செய்தது, படி ஏறிக்கொண்டிருக்கிறார் என்றது, இரண்டாவது தாள்.

ஸ்தோயான்கா தோல் உரித்துக்கொண்டிருந்த மிளகாயைக் கீழே வைத்தாளாம். "அந்தப் பழைய தாள் எங்க?"

"டாக்டர் எடுத்துட்டுப் போனார். எரிச்சிருப்பார்."

"அப்ப யார்கிட்டப் போய்ச் சொல்றது? வார்டே இல்ல. அவர் தூங்கற மாதிரிப் போனார்னு நானும் தூங்கிட்டிருந்தேன். உன் நெஞ்சுல இருந்ததை இறக்கி வைக்க என் வீடுதான் கெடைச்சுதா? போ மலின்கா. இனிமே இந்தப் பக்கம் வராத."

மறுநாளிலிருந்து மலின்கா வேலைக்குப் போகவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஜன்னல் திரையைக்கூட விலக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவர் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி வந்தார். "எனக்குத் தெரியாது" என்று கதவைச் சாத்திவிட்டாள். நான் கொண்டுபோன சூப்பை இரண்டு வாய் குடித்தாள்.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே ரோஸாக்கா. உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டாள். குற்றம்சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

வருகிறது என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் வியாழக்கிழமைச் சந்தையில் கறுப்புத் தலைத்துணியுடன் ஸ்தோயான்கா எதிரே வருவதைக் கண்டால், வாங்க வந்ததை விட்டுவிட்டு நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறேன்.