துரை பீடத்து விளக்கு உரிமை

குற்றாலத்தில் சாரல் காலம் வந்தால் மூக்கம்மாளுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற வேலை. மற்ற மாதங்களில் தென்காசியில் கிடைத்த வேலை. ஆனால் எங்கள் ஊரில் அவளைப் பற்றிக் கேட்டால் யாரும் சிப்ஸைச் சொல்ல மாட்டார்கள். துரை பீடத்துக்கு விளக்குப் போடுகிறவள் என்றுதான் சொல்வார்கள்.

துரை என்பவன் இங்கிலாந்தின் கால்டர்மியர் பிரபு வீட்டு இளைய மகன். அந்த வீட்டில் பட்டம், மாளிகை, கிராமங்கள் எல்லாம் மூத்த மகனுக்கு மட்டுமே. இளையவனுக்குக் கப்பல் டிக்கெட். கிழக்கிந்தியக் கும்பினிக் காலத்தில் இங்கே ஜாதிக்காய்த் தோட்டம் பார்க்க வந்தவன், காய்ச்சலில் செத்து தோப்போரத்தில் புதைக்கப்பட்டான். சொந்த ஊரில் ஒரு சென்ட் நிலம் கிடைக்காதவனை நம் ஆட்கள் சாமியாக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு, சுருட்டு, கொஞ்சம் பிராந்தி.

விளக்கு உரிமை மூக்கம்மாளின் புருஷன் சொரிமுத்து வீட்டாருடையது. அவன் படுக்கையில் கிடந்த வருஷங்களெல்லாம் விளக்குப் போட்டது அவள்தான். அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் போன பிறகு, பெண் விளக்குப் போடக் கூடாது, உரிமை தனக்கு என்று கொழுந்தன் தளவாய் கிளம்பினான். மகனில்லாத வீடுதானே என்று ஊரும் தலையாட்டியது. புருஷனோடு வாழ்ந்ததற்கு அவளிடம் மிச்சமிருந்தது அந்த விளக்கு ஒன்றுதான்.

அந்த ஆடியில் கால்டர்மியர் வீட்டு ரோசலிண்ட் அம்மையார் கல்லறையைத் தேடி வந்தார். துரையின் அண்ணன் வழி வந்தவர், வயது அறுபதுக்கு மேல். துரை ரத்தமே வந்துவிட்டது, அவர் சொன்னால் துரை சொன்ன மாதிரி என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. மூக்கம்மாளுக்குத் தெம்பு வந்தது. பெண்ணுக்குப் பெண் இரங்காமலா போவார் என்று நம்பினாள். லாட்ஜில் வேலை பார்க்கும் அவள் மகள் ஜெயபிரியா பீடத்தடியில் வைத்து இங்கிலீஷில் கேட்டாள்: உங்கள் குடும்பத்தில் மகன் இல்லாவிட்டால் உரிமை மனைவிக்கோ மகளுக்கோ வருமா?

அம்மையாருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. வராது என்றார். உலகப் போரில் அடுத்தடுத்துப் பிரபுக்கள் செத்து, ஒவ்வொரு சாவுக்கும் வாரிசு வரி கட்டியே நிலமெல்லாம் போனதாம். மாளிகை இப்போது கல்யாண மண்டபம். மிஞ்சியது பட்டம் மட்டும். போன வருஷம் அப்பா இறந்ததும் அதுவும் கனடாவிலிருக்கும், முகம் பார்த்திராத ஒரு பங்காளிக்குப் போய்விட்டது. தான் ஒரே பிள்ளை, ஆனால் பெண் என்றார்.

“கேட்டியளா மதினி, தொரை வீட்டுலயே அப்படித்தான்” என்றான் தளவாய்.

எங்களுக்கு மூக்கம்மாள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அவள் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு, தளவாயைத் தாண்டி நடந்து, அம்மையார் கையில் வைத்தாள்.

“உங்க ஊருல உங்களுக்கு ஒண்ணும் தரல. இங்கன கெடக்குறது உங்க வீட்டு மனுசன். நீங்க ஏத்துங்கம்மா.”

ஜெயபிரியா அதைச் சொல்லி முடிக்குமுன்பே அம்மையாருக்குக் கண் நிறைந்துவிட்டது. தளவாய் ஏதோ சொல்ல வந்தான். துரை ரத்தத்தைத் தடுக்க யாருக்கு வாய் வரும்? சாரல் காற்றில் குச்சிகள் அணைந்து அணைந்து, கடைசியில் திரி பிடித்தது. பெண் ஏற்றிய அந்த விளக்கை ஊரே கும்பிட்டது. தளவாயும் கும்பிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூக்கம்மாள் ஏற்றினாள். தளவாய் கடைசி ஆளாக வந்து, திருநீறுக்கு அவளிடம் கை நீட்டினான்.