ஏலும் என்றவர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பார்க்கிங் என்ற ஆங்கிலேய நகரில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணித் தேநீர்தான் அப்போது எனக்கு இந்த நாட்டின் அரசியல் வகுப்பு. கூட வேலைசெய்த வெள்ளைக்காரர் ஒருவர் பத்திரிகையை மேசையில் விரித்துவைத்து, முதுகு நோகிறது என்று வீட்டில் படுத்திருப்பவனுக்கெல்லாம் நம்முடைய வரிக்காசு போகிறது என்று தினமும் குமுறுவார். குமுறி முடித்ததும் என்னைப் பார்ப்பார். "உன்னைச் சொல்லவில்லை, நீ உழைக்கிறாய்" என்பார். எனக்கு உச்சி குளிரும். அகதியாக வந்திறங்கிய முதல் மாதங்களில் அதே காசில் பாணும் பருப்பும் தின்றவன் நான். அதை அவரிடம் நான் சொன்னதே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சம்பளத் துண்டைப் பிரித்து, பிடித்துக்கொண்ட வரியைப் பார்க்கும்போது எரிச்சல் வரும். எரிச்சலுக்கு அடியில், கொடுக்கிறவர்களின் பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன் என்ற மிதப்பு மெல்ல ஊறும்.

அந்த மிதப்போடு ஒரு ஞாயிறு மத்தியானம் பக்கத்து ஊரான குட்மேய்ஸில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போனேன். மண்டபத்துக்கு வெளியே ஆண்கள், கையில் காகிதத் தட்டு, தட்டில் றோல்ஸ். டாக்ஸைப் பற்றிக் கதை வந்தது. தேநீர் மேசையில் கேட்டதை நான் தமிழாக்கினேன்.

"நாங்கள் விடிய எழும்பி உழைக்கிறம். கவுண்மெண்ட் எங்கட பொக்கற்றுக்கை கையை விட்டு எடுத்து ஏலாவாளியளுக்குக் குடுக்குது."

வெடித்துச் சிரித்தார்கள். "உதுதான் ஐசே கதை!" என்று ஒருவர் என் தோளில் அடித்தார்.

ஏலும் என்றால் முடியும். ஏலாது என்றால் முடியாது. எங்கள் பேச்சில் சுகமில்லை என்பதற்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லின் வயிற்றில் பிறந்த வசை ஏலாவாளி, கையாலாகாதவன். நோயாளியையும் உதவாக்கரையையும் ஒரே பாயில் கிடத்திவைத்த மொழி என்னுடையது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

திரும்பினால் பின்னால், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர் நிற்கிறார். பக்கத்துத் தெருக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குளிரறை ஒன்றில் எட்டு வருடம் இறைச்சிப் பெட்டி தூக்கி முதுகெலும்பு விலகியவர். ஒரு வருடமாக அரசாங்கம் தரும் நோய்க்காசில், கடையொன்றின் மேலே இரண்டு அறைகளில், மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள். அவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். "தம்பி நல்லாப் பகிடி விடுவார்" என்றார்.

அடுத்த மாதம் அவருக்குக் கடிதம் வந்தது. டாக்டர் ஒருவர் பரிசோதிப்பார், வேலைசெய்ய முடியாதென்று தெரிந்தால்தான் காசு தொடரும். அவர் மனைவி என் வாசலுக்கு வந்தார். "நீங்கள் கூடப்போய் இங்கிலீசு சொல்லவேணும் தம்பி. உந்தக் காசு நிண்டா வாடகைக்கு நாங்கள் எங்கை போறது?"

போகிற நாள் காலையில், படிக்கட்டின் கீழே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, மனைவி குந்தியிருந்து அவருடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டார். பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழும்புவது பெரும்பாடு.

டாக்டர் ஓர் இளம்பெண். களைத்த முகம், மரியாதையான குரல். படியேற முடியுமா? நான் தமிழில் கேட்டேன்.

"ஏலும்."

குனிந்து ஒரு பொருளை எடுக்க?

"ஏலும்."

"அண்ணை," என்றேன் தாழ்ந்த குரலில், "உண்மையைச் சொல்லுங்கோ."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "நான் சொன்னதை அப்பிடியே சொல்லும் தம்பி. நான் ஏலாவாளி இல்லை."

குரலில் கோபம் இல்லை. என் சொல்லை எனக்கே, கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். சப்பாத்துக் கயிறு கட்ட முடியுமா என்று டாக்டர் கேட்டபோது நான் அண்ணையின் காலைப் பார்த்தேன். மனைவி போட்ட முடிச்சு இறுக்கமாக, அழகாக இருந்தது. ஏலும் என்றார். யெஸ் என்றேன். டாக்டரின் பேனா ஓடியது.

காசை நிறுத்திய கடிதத்தை அவர்கள் வீட்டில் நானே உரத்து வாசித்தேன்.

"கேட்ட இடத்திலை உள்ளதைச் சொன்னா நாக்கு அழுகிப் போகுமே?" என்றார் மனைவி. எழுந்து அடுப்படிக்குள் போனார்.

அப்பீல் எழுதலாம் என்றேன். பிறகு, "அண்டைக்கு நான் சும்மா பகிடிக்கு…" என்று தொடங்கினேன்.

"விடும். ஊர் முழுக்கச் சொல்லுறதைத்தானே நீரும் சொன்னனீர்." அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இனி இன்னும் நாலு பேருக்கு முன்னாலை போய் ஏலாது எண்டு அழோணுமோ? நான் வேலைக்குப் போறன்."

போனார். பிறகு ஆட்சி மாறியது. தேநீர் மேசையில் பேச்சு மாறவில்லை. எங்கள் மண்டபங்களிலும் மாறவில்லை. அரசாங்கக் காசு எடுப்பவன் முகம் தெரியாதவனாக இருந்தால் கள்ளன் என்றோம், தெரிந்தவனாக இருந்தால் குசுகுசுத்தோம். அவனும் கேட்டுவிடாதபடி கவனமாக அல்ல, கேட்கும்படி கவனமாக. நான் வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான் என் திருத்தம். மூடிய வாயால் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, அண்ணை வேலைசெய்த தமிழ்க்கடைக்கு அரிசி வாங்கப் போனேன். அவர் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் எல்லோருக்கும் கேட்க, "இவரைப் பாருங்கோ. சோசல் காசை உதறிப்போட்டு உழைக்கிறார். மனுசன் எண்டா இப்பிடி இருக்கவேணும்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அண்ணையின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

என்னுடைய மூட்டையை அவரே தூக்கினார். "கார் எங்கை தம்பி?"

விடுங்கோ அண்ணை, நான் தூக்கிறன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அவருக்கு ஏலாது என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னதாகிவிடும். நான் முன்னே போய் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். கடைவாசலைத் தாண்டியதும் அவர் நின்றார், கண்ணை இறுக மூடித் திறந்தார், மறுபடி நடந்துவந்தார்.